நிமோனியா ஊசியும் விழுங்கும் அணுக்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு, கோவிட் காலத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, ஊசி போட்டாச்சு, ஆன்டிபாடி எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்பார்கள். ஆன்டிபாடி என்பது கிருமியையோ அதன் நச்சையோ பற்றிக்கொள்ள நம் உடல் செய்யும் புரதம். 2021-இல் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் தங்கள் எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த காலம் அது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. இப்போது நிமோனியா ஊசி என்று ஊரில் சொல்லப்படும் நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட பெரியவர்களும், சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பேருந்தேறி வந்து அதே எண்ணைக் கேட்கிறார்கள். எண் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. பாக்டீரியா நோய்கள் பலவற்றில் இந்தக் கணக்குச் சரிவராது. தடுப்பூசியின் பலனில் பெரும்பங்கு, எந்த ஊசியும் போடுவதற்கு முன்பே, பிறந்த நாள் முதலே நம் உடலில் காவலிருக்கும் உயிரணுக்களின் கையில் இருக்கிறது. அவற்றைப் பற்றி யாரும் விசாரிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

தடுப்பூசி காக்கும் விதம் நோய்க்கு நோய் மாறுபடும். டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஆகிய இரண்டிலும் ஆளைக் கொல்வது பாக்டீரியா கக்கும் நச்சுதான். ஆகவே ஆன்டிபாடி அந்த நச்சைப் பற்றிச் செயலிழக்கச் செய்துவிட்டால் பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸின் சுவர் மெல்லியது. ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் இரத்தத்திலுள்ள கம்ப்ளிமென்ட் என்னும் புரதங்கள் கூடித் துளையிட்டு அதைக் கொன்றுவிடும். நிமோகாக்கஸ் இந்த இரண்டிலும் சேராது. அதன் சுவர் தடித்தது, கம்ப்ளிமென்டால் துளைக்க முடியாதது. அதற்கும் மேலே சர்க்கரைப் பொருளாலான வழுக்கும் உறை ஒன்று அதைப் போர்த்தியிருக்கிறது. அந்த உறையின் வேறுபாட்டை வைத்தே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஆன்டிபாடி போய் ஒட்டிக்கொண்ட பிறகும் நிமோகாக்கஸ் உயிரோடுதான் இருக்கும். அதை ஓர் உயிரணு விழுங்கிச் செரித்தால்தான் கதை முடியும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர் அதன் காம்பில் தம் எண்ணை எழுதி வைப்பார். எண் எழுதியதால் மட்டும் குலை லாரியில் ஏறிவிடுவதில்லை, தூக்கிப் போட ஆள் வர வேண்டும். ஆன்டிபாடி எழுதும் எண்ணைப் படித்துத் தூக்க வரும் ஆட்கள், இரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களான நியூட்ரோஃபில்களும் உறுப்புகளில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களும்.

நியூட்ரோஃபிலை நான் நாள்தோறும் பார்க்கிறேன். இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்த்தால், மூன்று முதல் ஐந்து துண்டுகளாகப் பிரிந்து மெல்லிய இழையால் கோக்கப்பட்ட ஊதா நிற உட்கருவோடு அது தெரியும். நம் எலும்பு மச்சை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. அவற்றில் பெரும்பாலானவை இரத்தத்தில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. கடுமையான நிமோனியா கண்டவரின் தகட்டில் காட்சி மாறிவிடும். உட்கரு இன்னும் துண்டாகாத முதிரா அணுக்கள் அவசர அவசரமாக வெளியே அனுப்பப்பட்டிருக்கும், அவற்றின் குருணைகள் கருத்துத் தடித்திருக்கும். அதே நோயாளியின் சளியைக் கிராம் சாயமேற்றிப் பார்த்தால், வேல்முனை வடிவில் இரண்டிரண்டாக ஒட்டிய கருநீலப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு இரட்டையையும் சுற்றிச் சாயம் ஏறாத வெளிறிய வளையம் ஒன்று இருக்கும், அதுதான் உறை. சில இரட்டைகள் வெளியே மிதந்துகொண்டிருக்கும், சில நியூட்ரோஃபிலின் வயிற்றுக்குள் போயிருக்கும். தடுப்பூசியின் வேலை, வெளியே மிதப்பவற்றை உள்ளே போகச் செய்வது. பதினைந்து ஆண்டுப் படிப்பைவிட அந்த ஒரு தகடு இதைத் தெளிவாகக் காட்டும் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்.

இந்த உண்மையைத் தடுப்பூசி ஆய்வாளர்கள் நன்றாக அறிவார்கள். அதனால்தான் நிமோகாக்கஸ் தடுப்பூசியைச் சோதிக்கும்போது அவர்கள் ஆன்டிபாடியின் அளவோடு நின்றுவிடுவதில்லை. ஊசி போட்டவரின் இரத்த நீரை உயிருள்ள நிமோகாக்கஸோடும், முயல்குட்டியின் இரத்தத்திலிருந்து எடுத்த கம்ப்ளிமென்டோடும், விழுங்கும் அணுக்களோடும் கலந்து, சிறிது நேரத்தில் எத்தனை பாக்டீரியாக்கள் செத்தன என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அதற்குரிய விழுங்கும் அணுக்கள் எச்எல்-60 என்னும் அணுவரிசையிலிருந்து கிடைக்கின்றன. 1970-களில் இரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் உடலிலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை ஆய்வகங்களில் வளர்க்கப்படும் அணுக்கள் அவை. இந்தச் சோதனை ஒரு சங்கடமான செய்தியைச் சொன்னது. முதியவர்களிடம் ஆன்டிபாடியின் அளவு இளையவர்களுக்கு நெருக்கமாக இருந்தாலும், அந்த ஆன்டிபாடி பாக்டீரியாவை விழுங்கச் செய்யும் திறன் குறைந்திருக்கக்கூடும். அதோடு வயதானவரின் நியூட்ரோஃபிலும் முன்போல் வழி தெரிந்து விரைவதில்லை. என்னிடம் எண்ணைக் கேட்டு வரும் எழுபது வயதுப் பெரியவருக்கு அந்த எண் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

விழுங்கும் அணுக்களை முதலில் அடையாளம் கண்டவர் இலியா மெச்னிகோவ். 1882-இல் சிசிலித் தீவின் மெசினாவில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைக் குத்திவிட்டு, மறுநாள் காலையில் அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்ததை அவர் கண்டார். நோயெதிர்ப்பு என்பது இரத்த நீரிலுள்ள பொருள்களால் வருவது என்று ஒரு கட்சியும், விழுங்கும் அணுக்களால் வருவது என்று மெச்னிகோவின் கட்சியும் பல ஆண்டுகள் மோதிக்கொண்டன. இலண்டனில் ஆல்ம்ரோத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும் 1903-இல், இரத்த நீரிலுள்ள ஏதோ ஒன்று பாக்டீரியாவின்மேல் படிந்தால்தான் அணுக்கள் அதை நன்றாக விழுங்குகின்றன என்று காட்டியபோதே வழக்குத் தீர்ந்திருக்க வேண்டும். நோபல் குழு 1908-இல் பரிசை மெச்னிகோவுக்கும் எதிர்க்கட்சியின் பால் ஏர்லிக்குக்கும் பகிர்ந்து கொடுத்துச் சமாதானம் செய்தது. ஆனாலும் ஆன்டிபாடியை அளப்பது எளிது, அணுவின் திறனை அளப்பது கடினம் என்பதால், அடுத்த பல பத்தாண்டுகளில் தடுப்பூசி என்றாலே ஆன்டிபாடி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

விழுங்கும் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதும் முக்கியம். இரத்தத்தில் புகுந்த பாக்டீரியாவை வடிகட்டுபவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் நிலையாகக் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள். ஒருமுறை, வேலைக்குச் சேருமுன் செய்ய வேண்டிய வழக்கமான பரிசோதனைக்கு வந்த ஒரு தோட்டத்து இளைஞரின் தகட்டில், சிவப்பணுக்கள் சிலவற்றுக்குள் உருண்டையான கரும்புள்ளி ஒவ்வொன்று இருப்பதைக் கண்டேன். ஹோவெல்-ஜாலி உருக்கள் என்று பெயர் பெற்ற அவை, உட்கருவின் எச்சங்கள். மண்ணீரல் வேலை செய்யும் உடலில் அதன் மேக்ரோஃபேஜ்கள் அவற்றைக் கிள்ளி எடுத்துவிடும். தகட்டில் அவை தென்பட்டால் மண்ணீரல் இல்லை அல்லது செயலற்றுவிட்டது என்று பொருள். விசாரித்தபோது, சில ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்ணீரல் சிதைந்து அதை அகற்றிவிட்டார்கள் என்றார். "அதுக்கப்புறம் ஊசி எதுவும் போட்டாங்களா தம்பி?" என்றேன். "தையல் பிரிச்சதோட சரி அண்ணே" என்றார். அறுவை நடந்த இடத்தில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய செய்தியைக் கூடத்தின் மருத்துவர்தாம் அவருக்குச் சொல்லி, மூன்று பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்த மூன்றும் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் ஹீமோஃபிலஸ் வகை. மூன்றும் உறை போர்த்தியவை. மண்ணீரல் இல்லாதவருக்கு இவற்றால் வரும் இரத்த நஞ்சேற்றம் ஓரிரு நாளில் உயிரைப் பறிக்க வல்லது. காலையில் காய்ச்சல் என்று படுத்தவர் மறுநாள் இல்லை என்ற நிலை ஏற்படலாம். மண்ணீரலைத் திட்டமிட்டு அகற்றுவதாக இருந்தால் குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பே ஊசி போட வேண்டும் என்றும், அவசர அறுவையானால் 2 வாரம் கழித்துப் போடலாம் என்றும் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். விழுங்கும் இடமே போய்விட்டபின் ஊசியால் என்ன பயன்? விடை கல்லீரலில் இருக்கிறது. கல்லீரலின் இரத்த நாளங்களுக்குள் காத்திருக்கும் குப்ஃபர் அணுக்கள், உறை தடித்த பாக்டீரியாக்கள் பலவற்றைத் தாமாகப் பற்ற இயலாமல் நழுவ விடுகின்றன. தடுப்பூசியால் உண்டான ஆன்டிபாடி அந்த உறையின்மேல் படிந்துவிட்டால், எலிகளில் செய்த ஆய்வுகளின்படி, சில நிமிடங்களிலேயே அவற்றைப் பிடித்து விழுங்குகின்றன.

மண்ணீரல் இல்லாதவர்கள் ஊரில் சிலர்தான். இனிப்புநீர் உள்ளவர்களோ வீட்டுக்கு ஒருவர். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிகுதி. சர்க்கரை கட்டுக்கு மீறிய இரத்தத்தில் நியூட்ரோஃபில்கள் மந்தமாகின்றன: நோயிடத்துக்குச் செல்வது தாமதமாகிறது, விழுங்குவது குறைகிறது, விழுங்கியதைக் கொல்லும் இரசாயனத் தாக்குதலும் வலுவிழக்கிறது. ஆன்டிபாடி எண் நன்றாக இருக்கும்; எண்ணைப் படித்து வர வேண்டியவர்கள் சோர்ந்து கிடப்பார்கள். இதைச் சொல்லும்போது ஊசி வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மந்தமான நியூட்ரோஃபிலுக்கு ஆன்டிபாடியின் உதவி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அதனால்தான் நீரிழிவு உள்ளவர்கள் நிமோகாக்கஸ் ஊசி போட வேண்டியவர்களின் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். என்னிடம் ஆன்டிபாடி கேட்டு வருபவரிடம், அந்தப் பணத்துக்கு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். சிலர் கோபித்துக்கொண்டு கோலகங்சாருக்கோ ஈப்போவுக்கோ போய்ச் செய்துகொள்வதும் உண்டு.

மண்ணோடு புழங்கும் நம் மக்களுக்கு மெலியாய்டோசிஸ் என்னும் நோயையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1912-இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் விவரித்த இந்த நோயின் பாக்டீரியா, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது; மலேசியாவில் நிலைகொண்டுவிட்ட நோய் இது. நீரிழிவு உள்ளவர்களையே அது பெரும்பாலும் தாக்குகிறது. இதன் சூழ்ச்சி வேறு வகையானது: விழுங்கப்பட்ட பிறகும் சாகாமல், விழுங்கிய அணுவுக்குள்ளேயே பெருகி, அங்கிருந்து பக்கத்து அணுவுக்குத் தாவுகிறது. ஆன்டிபாடியால் அடையாளமிட்டு விழுங்கச் செய்வது மட்டும் இதற்குப் போதாது. விழுங்கிய அணுவைத் தூண்டி உள்ளே இருப்பதைக் கொல்லச் செய்யும் தடுப்பூசி வேண்டும். இந்நோய்க்கு இன்னும் அனுமதி பெற்ற தடுப்பூசி இல்லை.

இதுவரை சொன்னது வேலையின் கடைசிக் கட்டம். முதல் கட்டத்திலும் இதே குடும்பத்து அணுக்கள்தாம் முடிவெடுக்கின்றன. ஊசி மருந்து தசைக்குள் இறங்கியதும் அங்கே கூடும் டென்ட்ரிட்டிக் உயிரணுக்கள் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய், எதிர்ப்பை வழிநடத்தும் டி அணுக்களிடமும் அவற்றின் வழியே ஆன்டிபாடி செய்யும் பி அணுக்களிடமும் செய்தியைச் சேர்க்கின்றன. ரால்ஃப் ஸ்டெயின்மன் இந்த அணுக்களை 1973-இல் விவரித்தார். 2011-இல் நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு இறந்துபோனார். வெறும் புரதத்தைத் தூய்மையாகக் கொடுத்தால் இந்த அணுக்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. 1926-இல் அலெக்சாண்டர் கிளென்னி தொண்டை அடைப்பான் தடுப்பூசியில் படிகாரத்தைச் சேர்த்தபோது பலன் கூடியது. ஏன் கூடியது என்பது பல பத்தாண்டுகளுக்கு விளங்கவில்லை. சார்ல்ஸ் ஜேன்வே 1989-இல் இதை நோயெதிர்ப்பியலாரின் அழுக்கான சிறு இரகசியம் என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டு, ஆபத்தின் அடையாளத்தைப் பிறவியிலேயே காவலிருக்கும் உள்ளார்ந்த அணுக்கள் முதலில் உணர்ந்தால்தான் மற்றவை விழிக்கும் என்று வாதிட்டார். பாக்டீரியாவின் சுவர்ப் பொருள்களை உணரும் டோல் வகை ஏற்பிகள் 1990-களில் கண்டறியப்பட்டபோது அவர் சொன்னது சரியாயிற்று.

கக்குவான் இருமல் தடுப்பூசியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. பழைய தடுப்பூசியில் கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவும் இருந்தது. அதன் சுவர்ப் பொருள் டோல் ஏற்பிகளைத் தட்டியெழுப்பியதால் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தொடை வீக்கமும் வந்தன. எங்கள் லயத்தில், கிளினிக் மிசி வந்துபோன அன்று இரவு எந்த வீட்டிலும் தூக்கம் இருக்காது, "புள்ளைக்குக் காய்ச்சல் வர ஊசியா போட்டாங்க?" என்று பாட்டிகள் மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் அங்கலாய்ப்பார்கள். இன்று மலேசியாவில் 2, 3, 5, 18-ஆம் மாதங்களில் ஆறு நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியில், பாக்டீரியாவின் சில புரதங்கள் மட்டுமே இருக்கின்றன. காய்ச்சல் குறைந்துவிட்டது, தாய்மார்களுக்கு நிம்மதி. ஆனால் பாதுகாப்பு முன்னைவிட விரைவாக மங்குகிறது. பபூன் குரங்குகளில் நடந்து 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புதிய வகை ஊசி போட்ட குரங்குகள் நோய்வாய்ப்படவில்லை. ஆயினும் அவற்றின் தொண்டையில் பாக்டீரியா வாரக்கணக்கில் தங்கி, மற்ற குரங்குகளுக்கும் பரவியது. முழு பாக்டீரியா ஊசி போட்டவை அதைவிட விரைவாக அதை அகற்றின. தொடக்கத்தில் எந்த அணு எப்படித் தூண்டப்பட்டது என்பதே, நியூட்ரோஃபில்களை மூக்குக்கும் தொண்டைக்கும் அழைத்துவரும் வகை டி அணுக்கள் உருவாகுமா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. பாட்டிகள் அங்கலாய்த்த காய்ச்சல் வீண்போகவில்லை. என்றாலும் குழந்தையைப் படுத்தாத ஊசியாக இருந்ததால்தான் பெற்றோர் தொடர்ந்து கிளினிக்குக்கு வந்தார்கள் என்பதையும் மறுக்க மாட்டேன்.

இந்த நாட்டில் பிறந்த நம்மில் பெரும்பாலோரின் இடக்கையில் உள்ள தழும்பு, எல்லாவற்றிலும் விசித்திரமான தடுப்பூசியின் அடையாளம். கால்மெட்டும் கெரானும் பிரான்சில் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1921-இல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுத்தது பி.சி.ஜி. குழந்தைகளின் மூளைக் காசநோயிலிருந்து அது நன்றாகவே காக்கிறது. பெரியவர்களின் நுரையீரலில் கதை வேறு. 1968-இல் தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2.6 இலட்சம் பேரை உள்ளடக்கித் தொடங்கிய ஆய்வு, நுரையீரல் காசநோயில் அதனால் பலன் தெரியவில்லை என்று 1979-இல் அறிவித்தது. காசநோய்க் கிருமி குடியிருப்பதே மேக்ரோஃபேஜுக்குள் என்பதால், ஆன்டிபாடிக் கணக்கு இங்கே உதவாது.

அதே பி.சி.ஜி. வேறொரு கதவைத் திறந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் மிகாய் நெட்டியாவின் குழு 2012-இல், ஊசி போட்ட மனிதர்களின் இரத்தத்தில் ஓடும் மோனோசைட்டுகள் என்னும் விழுங்கும் அணுக்கள் மூன்று மாதங்களுக்குப் பிறகும், காசநோயோடு தொடர்பில்லாத கிருமிகளைக் கண்டாலும் முன்னைவிட வலுவாக வினைபுரிவதைக் காட்டியது. நினைவாற்றல் டி, பி அணுக்களுக்கே உரியது என்ற பாடம் அதோடு ஆட்டம் கண்டது. மோனோசைட் வாழ்வதே சில நாள்கள்; மூன்று மாத நினைவு எங்கே தங்கியது? மொன்றியலில் மஜியார் டிவங்காஹியின் குழு 2018-இல் எலிகளில் விடை கண்டது: எலும்பு மச்சையிலுள்ள மூல உயிரணுக்களே மாறியிருந்தன, அவை ஈன்ற மேக்ரோஃபேஜ்கள் காசநோய்க் கிருமியை நன்றாகக் கட்டுப்படுத்தின. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில், எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டபோது முதல் மாத இறப்பு குறைந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் வேறொரு வகை பி.சி.ஜி. விதையோடு இதேபோல் செய்த ஆய்வுகளில் அத்தகைய பலன் கிடைக்கவில்லை. 2020-இல் பி.சி.ஜி. போட்ட நாடுகளுக்குக் கோவிட் வராது என்று கைப்பேசிகளில் சுற்றிய செய்தியும் பொய்த்தது. பயிற்சி பெற்ற உள்ளார்ந்த அணுக்கள் உண்மை. அவற்றை நம்பி எல்லா நோய்க்கும் ஒரே ஊசி என்று விற்கக் கிளம்புவது பேராசை.

காசநோயில் இப்போது எதிர்பார்ப்போடு கவனிக்கப்படுவது எம்72/ஏஎஸ்01 என்னும் தடுப்பூசி. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை இணைத்த மருந்தோடு, சால்மொனெல்லா என்னும் பாக்டீரியாவின் சுவரிலிருந்து எடுத்து நச்சு நீக்கிய ஒரு பொருளும், சிலி நாட்டு மரப்பட்டையின் சாறும் அதில் சேர்ந்துள்ளன. இவ்விரண்டும் நிணநீர் முடிச்சின் மேக்ரோஃபேஜ்களையும் டென்ட்ரிட்டிக் அணுக்களையும் எழுப்புவதற்காகவே சேர்க்கப்பட்டவை. ஏற்கெனவே கிருமி தொற்றியிருந்தும் நோய் வெளிப்படாத பெரியவர்களிடம், மூன்று ஆண்டுக் கண்காணிப்பில் நுரையீரல் காசநோயை ஏறத்தாழ பாதியாக அது குறைத்தது. 2024-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய அடுத்த கட்ட ஆய்வில் சுமார் 20,000 பேர் சேர்க்கப்பட்டனர். பங்கேற்கும் நாடுகளில் இந்தோனேசியாவும் ஒன்று. மலேசியாவில் ஆண்டுக்கு 25,000-க்கும் மேற்பட்டோர் காசநோயாளிகளாகப் பதிவாகிறார்கள். நம் பாட்டன்கள் பால்மரம் வெட்டிய தோட்டங்களில் இன்று செம்பனைக் குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியர்கள். அவர்களும் நாமும் ஒரே மளிகைக் கடையில், ஒரே பேருந்தில், என் பரிசோதனைக் கூடத்தின் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறோம்.